மின்சேமிப்பை எந்த முனையில் வைப்பது? கோட்டுருவியலை முன்வைத்து ஒரு விவாத இழை

ஜூன் 3, மாலை 6.20 – வாசகர் கேள்வி

"நான் பொறியியல் இறுதியாண்டு மாணவன். மின்தொகுப்பைக் கோட்டுருவாக (துணைமின் நிலையங்களை முனைகளாகவும், அவற்றை இணைக்கும் மின்பாதைகளை விளிம்புகளாகவும்) வரைந்து, அதிக மின்பாதைகள் வந்து சேரும் துணைமின் நிலையத்தைக் கண்டுபிடித்து, அங்கே பெரிய பேட்டரியை வைத்துவிட்டால் போதும் என்று என் செயல்திட்டத்தில் எழுதியிருக்கிறேன். வழிகாட்டி ஒப்புக்கொள்ள மறுக்கிறார். கோட்டுருவியல் சொல்வது இதைத்தானே?"

ஜூன் 3, இரவு 9.45

வழிகாட்டி சரியாகத்தான் மறுத்திருக்கிறார். பல பாதைகள் கூடும் இடம் முக்கியமான இடம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பேட்டரிக்கு வேண்டியது முக்கியமான இடம் அன்று, குறைபாடுள்ள இடம். நான்கு திசைகளிலிருந்தும் பேருந்து வரும் சந்திப்பில் நிற்பவருக்கு ஒரு பேருந்து தவறினால் அடுத்தது கிடைக்கும். நாளுக்கு இரண்டு முறை மட்டும் பேருந்து வரும் ஊரில்தான் சொந்த வண்டி தேவைப்படுகிறது.

எல்லாரும் பயிலும் ஐ.இ.இ.இ. (பன்னாட்டு மின்பொறியாளர் அமைப்பு) 14 முனைச் சோதனை வலையமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது 1962-ஆம் ஆண்டு அமெரிக்க மின்தொகுப்பின் ஒரு பகுதியைக் குறிப்பது. 14 முனைகள், 20 விளிம்புகள். அதிக இணைப்புடையது நான்காம் முனை: 2, 3, 5, 7, 9 ஆகிய ஐந்து முனைகளோடு அது தொடுப்புக் கொண்டது. உங்கள் விதிப்படி பேட்டரி அங்கே போக வேண்டும். ஆனால் அந்த வலையமைப்பின் மொத்தத் தேவையான 259 மெகாவாட்டில் 94.2 மெகாவாட் மூன்றாம் முனையில் இருக்கிறது. அம்முனைக்கு இருப்பவை இரண்டே விளிம்புகள். இன்னொரு பக்கம், 6 முதல் 14 வரையுள்ள முனைகளின் தேவையான 87.7 மெகாவாட் முழுவதும் 4–7, 4–9, 5–6 என்னும் மூன்று மின்மாற்றிகள் வழியாகத்தான் இறங்க முடியும். இந்த மூன்றையும் வெட்டினால் வலையமைப்பு இரண்டு துண்டாகும். நான்காம் முனை இந்த வெட்டுக்கு மேற்புறத்தில் இருக்கிறது. ஆகவே அந்த மின்மாற்றிகள் திணறும் நேரத்தில், நான்காம் முனையில் நிரம்பிக் கிடக்கும் பேட்டரியால் கீழ்ப்புறத்துக்கு ஒரு பயனும் இல்லை.

ஜூன் 4, காலை 7.10

நேற்று எழுதியதில் ஒன்று விடுபட்டது. இந்தச் சோதனை வலையமைப்பின் மூலத் தரவில் மின்பாதைகளின் தாங்குதிறன் வரம்பு கொடுக்கப்படவில்லை. எந்த மின்மாற்றி எப்போது திணறும் என்று சொல்ல வேண்டுமானால் வரம்புகளை நீங்களே ஊகித்து இட வேண்டும். இட்டதை அறிக்கையில் வெளிப்படையாக எழுதவும் வேண்டும். நான் பார்த்த சில செயல்திட்டங்களில் இந்த வரம்புகள் வானத்திலிருந்து விழுந்தவை போல் முதல் அட்டவணையிலேயே தோன்றிவிடுகின்றன.

ஜூன் 5, இரவு 10.30

"அப்படியானால் கோட்டுருவியலால் சேமிப்புக்கு என்ன பயன்" என்று கேட்டிருக்கிறீர்கள். என் விடை சற்று நீளும்.

நாம் வரையும் வழக்கமான கோட்டுருவில் பேட்டரியை ஒரு முனையாகவோ, முனையின் மேல் ஒட்டிய குறியாகவோ வரைகிறோம். அங்கேதான் பிழை தொடங்குகிறது. பேட்டரி மின்சாரத்தை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டு செல்வதில்லை. ஒரு மணி நேரத்திலிருந்து இன்னொரு மணி நேரத்துக்குக் கொண்டு செல்கிறது. ஆகவே அது ஒரு விளிம்பு. அந்த விளிம்பைக் காண வேண்டுமானால் ஒரே வலையமைப்பை மணிக்கொரு படியாக 24 முறை வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஒவ்வொரு தளத்துக்குள்ளும் கிடையாக ஓடுபவை மின்பாதைகள். ஒரு தளத்திலுள்ள முனையை அடுத்த தளத்திலுள்ள அதே முனையோடு செங்குத்தாக இணைப்பது பேட்டரி. கணிதவியலாளர்கள் ஃபோர்டும் ஃபல்கர்சனும் பெருமப் பாய்வு – சிறும வெட்டுத் தேற்றத்தை 1956-இல் வெளியிட்டார்கள்: ஒரு வலையமைப்பில் அனுப்பக்கூடிய மிகப் பெரிய அளவு, மூலத்தையும் சேருமிடத்தையும் பிரிக்கும் வெட்டுகளில் மிகச் சிறியதன் கொள்ளளவுக்குச் சமம். காலத்தோடு நகரும் பாய்வை இப்படிக் கால அடுக்குகளாக விரித்து ஆராய்ந்த கட்டுரை 1958-இல் வந்தது. மின்சேமிப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டதன்று என்றாலும் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது.

எங்கள் பக்கத்துக் குளங்களை நினைத்தால் இது எளிதில் விளங்கும். மேல் குளம் நிரம்பினால் மறுகால் பாய்ந்து கீழ்க்குளத்துக்குப் போகும். அது இடத்தைக் கடக்கும் விளிம்பு. ஐப்பசியில் தேங்கிய நீர் தை மாதப் பயிருக்கு மடை திறக்கும்வரை அதே குளத்தில் காத்திருப்பது காலத்தைக் கடக்கும் விளிம்பு. வாய்க்கால் குறுகியிருக்கும்போது வாய்க்காலுக்கு மேல் உள்ள குளத்தை ஆழப்படுத்துவதா, கீழ் உள்ளதையா என்பதுதான் நம்முடைய கேள்வியும்.

கணக்காகச் செய்து பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் இட்டவை. காற்றாலைப் பகுதி 'க', நடுவிலுள்ள துணைமின் நிலையம் 'ந', நகரம் 'ஊ'. க–ந பாதையின் வரம்பு 100 மெகாவாட். ந–ஊ பாதையின் வரம்பு 200. முதல் மணியில் காற்று 160 மெகாவாட் தருகிறது. இரண்டாம் மணியில் 40 மட்டும். நகரம் எவ்வளவு வந்தாலும் வாங்கிக்கொள்ளும். சேமிப்பு இல்லாவிட்டால் முதல் மணியில் 100, இரண்டாம் மணியில் 40, ஆக 140 மெகாவாட் மணிதான் நகரை அடையும், 60 வீணாகும். இரண்டடுக்குக் கோட்டுருவில் சிறும வெட்டும் 140 என்றே வரும். முதல் மணியின் 'க' வெட்டின் மூலப் பக்கத்திலும், இரண்டாம் மணியின் 'க' சேருமிடப் பக்கத்திலும் விழுகின்றன. 'க'-வில் வைக்கும் பேட்டரியின் செங்குத்து விளிம்பு இந்த வெட்டைக் கடக்கிறது. ஆகவே அதற்கு 60 மெகாவாட் மணி கொள்ளளவு கொடுத்தால் மொத்தம் 200 ஆகிறது. 'ஊ'-வில் வைத்தாலோ, இரு மணிகளின் 'ஊ'-க்களும் வெட்டின் ஒரே பக்கத்தில் இருப்பதால், எத்தனை கோடி செலவழித்தாலும் 140 என்பது 140-ஆகவே நிற்கும்.

சேமிப்பின் செங்குத்து விளிம்பு சிறும வெட்டைக் கடக்கிறதா இல்லையா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்கிறேன். எத்தனை பாதைகள் கூடுகின்றன என்பது அதற்குப் பிறகு, தேவையானால்.

ஜூன் 6, மதியம் 1.15

இதை நான் முதலிலேயே அறிந்திருந்ததாக நினைக்க வேண்டாம். முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இதே பணி என்னிடம் வந்தபோது, முனைகளுக்கிடையிலான மிகக் குறுகிய பாதைகளில் எத்தனை எந்த முனையைக் கடக்கின்றன என்று எண்ணி, முதலிடம் பெற்ற முனையில் பேட்டரியை வைத்து, வண்ணப் படம் போட்டு, கூட்டத்தில் விளக்கிவிட்டு வந்தேன். பின்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர், வாழ்நாளெல்லாம் மின்பகிர்வுக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர், "தம்பி, மின்சாரம் குறுக்குவழி பார்த்துப் போகும் என்று உனக்கு யார் சொன்னது?" என்று மட்டும் கேட்டார். அறையில் எழுந்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அந்தக் கேள்வியை ஆய்வுலகமும் கேட்டிருக்கிறது. பால் ஹைன்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் எழுதிய கட்டுரையில், இணைப்பு வடிவத்தை மட்டும் வைத்து மின்தொகுப்பின் பலவீனத்தை அளந்தால் தவறான முடிவுக்குப் போக நேரிடும் என்று காட்டினார்கள். அந்தப் பெரியவர் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

ஜூன் 7, காலை 6.50

5-ஆம் தேதிக் குறிப்பில் ஒரு திருத்தம். பேட்டரியில் போட்டது முழுவதும் திரும்பி வரும் என்பதுபோல் கணக்கிட்டிருந்தேன். நீரேற்று மின்நிலையத்தில் (மிஞ்சும் மின்சாரத்தால் நீரை மேலே ஏற்றிவைத்து, பிறகு இறக்கி மின்சாரம் எடுக்கும் நிலையம்) ஏற்றிய மின்சாரத்தில் முக்கால் பங்கை ஒட்டித்தான் திரும்பக் கிடைக்கும். 'க'-வில் இருப்பதும் அத்தகைய சேமிப்பு, 75 விழுக்காடு என்று கொண்டால், அங்கே சேமித்த 60 அடுத்த மணியில் 45-ஆகத்தான் வரும். மொத்தம் 200 அன்று, 185.

எண் மாறுவது சிறிய விஷயம். பாய்வு ஒரு விளிம்பின் வழியே போகும்போது சுருங்குமானால், ஃபோர்டு – ஃபல்கர்சன் தேற்றத்தை அப்படியே பயன்படுத்த முடியாது என்பதே பெரிய விஷயம். அப்போது நேரியல் திட்டமிடலுக்குத்தான் (நேரியல் சமன்பாடுகளின் வரம்புக்குள் சிறந்த விடையைத் தேடும் கணக்கு முறை) போக வேண்டும். வெட்டின் எந்தப் பக்கம் என்ற கேள்வியின் இடத்தில், ஒரு முனையில் இந்த மணிக்கும் அந்த மணிக்கும் ஒரு யூனிட்டின் மதிப்பு எவ்வளவு வேறுபடுகிறது என்ற கேள்வி வந்து அமர்கிறது. நிரப்பும் நேரத்தின் மதிப்பு, எடுக்கும் நேரத்தின் மதிப்பில் முக்காலுக்கும் குறைவாக இருந்தாலொழிய அங்கே சேமிப்பது நட்டம். 'க'-வில் முதல் மணியில் உபரி மின்சாரத்தின் மதிப்பு சுழியம். ஆகவே அங்கே எவ்வளவு இழப்பிருந்தாலும் சேமிக்கலாம். வெட்டு நல்ல முதல் ஊகத்தைத் தருகிறது என்ற அளவில் என் பழைய குறிப்பை நிறுத்திக்கொள்கிறேன்.

ஜூன் 8, இரவு 11.05

இதைவிடப் பெரிய திருத்தம் ஒன்று பாக்கி இருக்கிறது. பெரியவரின் கேள்விக்கு இன்னும் முழு விடை சொல்லவில்லை. வாய்க்கால் நீரை மடையை அடைத்து நாம் விரும்பிய பக்கம் திருப்பலாம். மாறுதிசை மின்சாரத்தை அப்படி எளிதாகத் திருப்ப முடியாது. ஒரு சுற்றுக்குள் அது எல்லாப் பாதைகளிலும், மின்மறுப்புக்கு (ஒவ்வொரு பாதையும் மாறுதிசை ஓட்டத்துக்குக் காட்டும் தடைக்கு) ஏற்ப, தானாகப் பிரிந்து ஓடும்.

1, 2, 3 என மூன்று முனைகளை முக்கோணமாக இணையுங்கள். மூன்று பாதைகளும் ஒரே மின்மறுப்பு, ஒவ்வொன்றின் வரம்பும் 100 மெகாவாட். முனை 1-இலிருந்து 3-க்கு எவ்வளவு அனுப்பலாம்? பெருமப் பாய்வுக் கணக்கு 200 என்னும்: நேர்வழியில் 100, சுற்றுவழியில் 100. உண்மையில் மூன்றில் இரண்டு பங்கு நேர்வழியிலும், ஒரு பங்கு சுற்றுவழியிலும் போகும். 150 அனுப்பும்போதே நேர்வழி நிரம்பிவிடும். சுற்றுவழியில் பாதி காலியாக இருந்தும் பயன்படுத்த முடியாது.

இப்போது முனை 2-இல் 100 மெகாவாட் பேட்டரியை வையுங்கள். 2–3 பாதையில் 50 மெகாவாட் இடம் காலியாக இருப்பதால் பேட்டரி அவ்வளவையாவது 3-க்குத் தாராளமாக அனுப்பலாம் என்று தோன்றும். ஆனால் அது அனுப்பும் ஒவ்வொரு மெகாவாட்டிலும் மூன்றில் ஒரு பங்கு 2–1–3 என்று சுற்றிவந்து, ஏற்கெனவே நிரம்பிய 1–3 பாதையில்தான் விழும். ஆகவே பேட்டரி ஒரு மெகாவாட் கொடுக்கும்போது முனை 1 அரை மெகாவாட்டைக் குறைத்தாக வேண்டும். பேட்டரி முழுவீச்சில் 100 கொடுத்தால் முனை 1 150-லிருந்து 100-க்கு இறங்கும், மொத்தம் 200. நூறு மெகாவாட் பேட்டரியின் நிகரப் பலன் ஐம்பது. அதே பேட்டரி முனை 3-இல் இருந்தால் பலன் முழு நூறு.

இந்தச் சுற்று விதிகளைத் தந்த கிர்க்காஃப், மின்சுற்றுகளை ஆராயும்போதே 1847-இல் மரங்களை (சுற்று இல்லாத கோட்டுருக்களை) பற்றிய கோட்டுருவியல் முடிவுகளையும் தந்தவர். அவர் பிறந்தது கோனிக்ஸ்பெர்க்கில். ஆய்லர் 1736-இல் ஏழு பாலங்களை வைத்துக் கோட்டுருவியலுக்குக் கால்கோள் இட்ட அதே நகரம். அந்த ஊர்த் தண்ணீரில் ஏதோ இருந்திருக்க வேண்டும்.

ஜூன் 9, காலை 8.00

நேற்றைய முக்கோணத்தில் 1–3 பாதையின் வரம்பை மட்டும் 40-ஆகக் குறைத்துப் பாருங்கள். நேர்வழி 60 மெகாவாட் அனுப்பும்போதே நிரம்பிவிடும். மொத்தப் பாய்வு 60. இப்போது அந்த 1–3 பாதையையே துண்டித்துவிடுங்கள். எல்லாம் 1–2–3 வழியாகப் போகும். 100 மெகாவாட் அனுப்பலாம். ஒரு பாதையை எடுத்ததால் கொள்திறன் கூடுகிறது. பேட்டரிக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன் ஒரு சுவிட்சைத் திறந்து பார்ப்பது செலவில்லாத வேலை. ஆனால் திறந்தபின் எஞ்சிய இரண்டு விளிம்புகளும் 'பாலங்கள்' ஆகிவிடுகின்றன; ஒன்று அறுந்தால் முனை 3 இருளில் மூழ்கும். இதை ஒரு தீர்வாக நான் பரிந்துரைக்கவில்லை. கணக்கில் சேர்க்கச் சொல்கிறேன்.

ஜூன் 9, இரவு 9.30

பாலம் என்றதும் ஒருவர் 2012 மின்முடக்கத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அந்த ஆண்டு ஜூலை 30 அன்று அதிகாலையில் பீனா – குவாலியர் 400 கிலோவோல்ட் பாதை துண்டிக்கப்பட்டதைத் தொடர்ந்து வட மண்டலத் தொகுப்பு சரிந்தது. மறுநாள் வட, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்கள் மூன்றும் சரிந்தன. தென் மண்டலம் தப்பியது. அப்போது தெற்கு, பிற பகுதிகளோடு நேர்திசை மின்னோட்ட இணைப்புகளால் மட்டுமே தொடுக்கப்பட்டிருந்தது; அங்கே நடந்த அதிர்வெண் குலைவு இங்கே பரவ வழியில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத்தான் தெற்கு பிற பகுதிகளோடு ஒரே அதிர்வெண்ணில் ஒத்தியங்கத் தொடங்கியது.

நம் கேள்விக்கு இதில் ஒரு பாடம் உண்டு. நேர்திசை இணைப்பில் எவ்வளவு ஓட வேண்டும் என்பதை இயக்குபவரே நிர்ணயிக்கலாம். ஆகவே அத்தகைய விளிம்பு முக்கோணக் கணக்கில் சொன்ன பிரிவினைக்குக் கட்டுப்படாது. கிட்டத்தட்ட மடை வைத்த வாய்க்கால். நேர்திசை விளிம்புகளும் மாறுதிசை விளிம்புகளும் கலந்த வலையமைப்பில், எது எந்த வகை என்று குறிக்காமல் ஒரே நிறத்தில் வரைந்த கோட்டுரு ஏமாற்றும்.

ஜூன் 11, மாலை 5.40

கடம்பாறை பற்றிய கேள்விக்கு. ஆனைமலைத் தொடரிலுள்ள அந்த நீரேற்று நிலையத்தில் தலா 100 மெகாவாட் திறனுள்ள நான்கு எந்திரங்கள் உள்ளன. மேலே கடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு. நாம் பேசும் செங்குத்து விளிம்பு தமிழ்நாட்டில் எண்பதுகளின் இறுதியிலிருந்தே இருக்கிறது. பேட்டரி என்ற சொல் மட்டும்தான் புதிது.

ஆனிக் காற்றில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் கிடைக்கும் மின்சாரத்தைக் கடம்பாறையில் ஏற்றிவைக்கலாமே என்பது கேள்வி. எந்த வெட்டு இறுகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரவில் மாநிலம் முழுவதும் தேவை குறைந்ததால் மின்சாரம் மிஞ்சுகிறது என்றால், கடம்பாறை உதவும். கணவாய்ப் பகுதியிலிருந்து வடக்கே வரும் பாதைகள் நிரம்பியதால் மிஞ்சுகிறது என்றால், கடம்பாறை வெட்டின் மறுபக்கத்தில் இருக்கிறது. நம் கணக்கிலுள்ள 'ஊ'-வைப் போல. பாலக்காட்டுக் கணவாயின் காற்றை வாங்கும் உடுமலை வட்டாரத்துக்கு அது பக்கத்து வீடு. ஒரே நிலையம், ஒரே 400 மெகாவாட். ஒருவருக்குப் பயன்படும் நேரத்தில் மற்றவருக்குப் பயன்படாமல் போகலாம்.

காற்று நன்றாக வீசும் ஆனி மாதத்தில் முப்பந்தல் வழியாகப் பேருந்தில் போகும்போது சில காற்றாலைகள் அசையாமல் நிற்பதைச் சிறுவயதில் பார்த்து, பழுது என்றே நினைத்திருக்கிறேன். சில பழுதாகவும் இருந்திருக்கலாம். மற்றவை மிஞ்சிய மின்சாரத்துக்கு இடமில்லாமல் நிறுத்திவைக்கப்பட்டவை, நம் குளத்தில் மறுகால் பாய்ந்த நீர்தான் என்று பின்னால்தான் விளங்கியது.

ஜூன் 12, காலை 7.25

தெருவுக்கு வரும் பகிர்மானப் பாதைகளைப் பற்றிச் சுருக்கமாக. அவற்றில் பெரும்பாலானவை மரவடிவில் இயங்குகின்றன. சுற்று இல்லை, ஆகவே முக்கோணச் சிக்கலும் இல்லை, எல்லா விளிம்புகளும் பாலங்கள். ஆய்வாளர்கள் பரானும் வூவும் 1989-இல் பயன்படுத்திய 33 முனை வலையமைப்பில் 32 விளிம்புகள் இயங்குகின்றன. திறந்துவைத்த இணைப்பு சுவிட்சுகள் 5. இருக்கிறபடியே இயக்கினால் மின்னிழப்பு ஏறக்குறைய 203 கிலோவாட். எந்த ஐந்தைத் திறந்துவைப்பது என்று மாற்றித் தேர்ந்தால், வேறொரு மரம் கிடைத்து, இழப்பு 140 கிலோவாட்டுக்குச் சற்றுக் கீழே இறங்குகிறது. அங்கே பேட்டரி வைக்க விரும்புபவர் முதலில் மரத்தை மாற்ற வேண்டும். மரம் மாறினால் கடைசி முனை எது என்பதும், பேட்டரிக்கு ஏற்ற இடமும் சேர்ந்தே மாறும்.

ஜூன் 12, இரவு 10.10

என் வீட்டு இன்வெர்ட்டரை எங்கே இணைத்திருக்கிறேன் என்று கேலியாகக் கேட்டவருக்கு: கூடத்தில். மின்தடை வந்தால் கூடத்தில் விளக்கு எரியும். மோட்டார் வேறு இணைப்பில் இருப்பதால் தொட்டியில் தண்ணீர் ஏறாது. வெட்டின் தவறான பக்கம். வீட்டில் இதை நான் கோட்டுருவால் விளக்கியபோது, "முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்" என்றார்கள்.

ஜூன் 15, இரவு 9.20

கேள்வி கேட்ட மாணவர் கணக்கைத் திருத்தி அனுப்பியிருக்கிறார். 14 முனை வலையமைப்பில் மூன்றாம் முனையைத் தேர்ந்து, 2–3, 3–4 பாதைகளுக்கு வரம்பு தலா 80 மெகாவாட் என்று இட்டு, 40 மெகாவாட் பேட்டரி வைத்திருக்கிறார். முன்னதைவிட நல்ல இடம்தான், அளவைப் பார்ப்போம்.

மூலத் தரவின் இயல்பு நிலையில் 2–3 பாதையில் ஏறக்குறைய 73 மெகாவாட்டும், நான்காம் முனையிலிருந்து மூன்றுக்கு ஏறக்குறைய 23 மெகாவாட்டும் ஓடுகின்றன. இரண்டு பாதைகளும் சமமாகச் சுமக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். முக்கோணத்தில் கண்ட அதே குணம். ஆயினும் இரண்டும் 80-க்குள் இருப்பதால் வெட்டு இறுகவில்லை. தேவை கூடாதவரை இயல்பான நாளில் உங்கள் பேட்டரிக்கு அங்கே வேலை இல்லை.

இந்த இரண்டு பாதைகளில் ஒன்று அறுந்த நாளில்தான் அதற்கு வேலை. 2–3 அறுந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது மூன்றாம் முனையின் 94.2 மெகாவாட் முழுவதும் 3–4 வழியாக மட்டுமே வர வேண்டும். அது 80-க்கு மேல் தாங்காது. பற்றாக்குறை 14.2 மெகாவாட். ஆகவே 40 மெகாவாட் தேவையில்லை. இழப்புக்குச் சற்றுச் சேர்த்து 15 அல்லது 16 போதும். மிச்சப்படும் பணத்தை மெகாவாட்டில் போடாமல் மணிகளில் போடுங்கள். எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது அறுந்த பாதையைச் சரிசெய்ய ஆகும் நேரம். அந்த எண் கோட்டுருவில் இல்லை, பராமரிப்புப் பதிவேட்டில்தான் இருக்கும்.